74 அடி

மே 9
திருச்சியில் இறங்கியதிலிருந்து சின்னவன் வெளிக்குப் போகவில்லை. ஒண்ணுக்கு மட்டும், அதுவும் வேப்பமரத்தடியில்.

மே 10
முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி, அப்புறம் கொல்லையில் டாய்லெட். எண்ணிப் பார்த்தேன், 74 அடி. பிறந்து வளர்ந்த வீடு, இவ்வளவு தூரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சிங்கப்பூரில் அவன் படுக்கையிலிருந்து டாய்லெட் நாலு எட்டு. இங்கே சுவிட்ச் வெளியே, உள்ளே பல்லி. ரெண்டு பக்கமும் காலை வைக்கச் சொன்னால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறான். "அம்மா, உள்ள விழுந்துருவேன்." மிதியில் பாதிகூட இல்லை அவன் பாதம். பயப்படத்தானே செய்வான்!
பெரியவள் ஒரே நாளில் வாளிக்கும் குவளைக்கும் பழகிவிட்டாள்.

மே 11
மூணாம் நாள். மதுரையிலிருந்து போன் இல்லை.

மே 13
ஜட்டியில் கறை. தொடையில் அடித்துவிட்டேன். ஆத்தங்குடிக் கல் தரையில் சுருண்டு படுத்துக்கொண்டான், அழக்கூட இல்லை. "பிள்ளையை ஏன்டி அடிக்கிறே?" ஆத்தா தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 14
காரைக்குடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் கல் மாதிரி. அடக்க அடக்கப் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். மலம் இறுகும், போனால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவான். கறை சேட்டை இல்லை. இறுகினதைச் சுற்றி இளகினது கசிகிறது, அவனுக்கே தெரியாது.
அவனுக்கே தெரியாததற்கு அடித்திருக்கிறேன்.
மலம் இளக லாக்டுலோஸ் சிரப். சாப்பிட்டதும் குடல் அசையும், அப்போது பத்து நிமிஷம் உட்கார வைக்கணும், கால் தொங்கக் கூடாது.

மே 15
அப்பச்சி, என் அப்பா, இன்னும் மதுரையில்தான். அவருக்கு வாங்கின கமோட் நாற்காலி வந்தது. அவர் வரும்வரை பிரிக்கவே விடமாட்டாள் என்று நினைத்தேன். ஆத்தா தானே பிரித்து ரெண்டாங்கட்டில் போட்டாள். காலுக்கடியில் மணைப்பலகை. ஓட்டை பெரிசு, கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம். ஒன்றுமில்லை.
விரல் தடம் நேற்றே மறைந்துவிட்டது. குளிப்பாட்டும்போது அங்கேயே பார்க்கிறேன்.

மே 16
காலையில் பணியாரம் தின்றுவிட்டு உட்கார்ந்தான். என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்து, உடம்பெல்லாம் வேர்த்து. "ஆயா, போயிராதீங்க." ஆத்தா தூணைப் பிடித்தபடி நின்றாள். போய்விட்டான்! முருகா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மே 17
இன்றும் போனான். நாற்காலியைத் தேய்த்துக் கழுவி முற்றத்து வெயிலில் வைத்தேன்.
மதுரையிலிருந்து போன். 5 மணிக்குக் கார் வருகிறது.