பெயரில்தான் பனி

ஐஸ்லாந்து என்று பெயர் இருக்கிறதே தவிர, அங்கே ஐஸ் ஹாக்கிக்கு முறையான தேசிய லீக் தொடங்கியதே 1991-92 சீசனில்தான்! நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அக்யூரேரி ஊர் கிளப்பின் கதையைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 100 கி.மீ. தெற்கே, கடல் உள்ளே புகுந்து வந்த ஒரு நீண்ட குடாவின் முனையில் இருக்கும் ஊர், மொத்தமே சுமார் இருபதாயிரம் பேர்தான். அங்கே 1937-லேயே ஸ்கேட்டிங் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கூரை போட்ட அரங்கம் கிடைத்தது 2000-இல். அதுவரை திறந்த வெளிதான், மழை வந்தாலும் காற்று அடித்தாலும் அதே ஐஸில்தான் ஆட வேண்டும்.

சரி, அப்படி வளர்ந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? முதல் தேசியக் கோப்பையே இவர்களுக்குத்தான், தலைநகர் ரெய்க்யவிக் அணிக்கு இல்லை. இன்றைக்கும் அதிக முறை பட்டம் வென்ற கிளப் இதுதான். மொத்த நாட்டிலும் மூன்று நான்கு அணிகள்தானே, அதில் ஜெயிப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அப்புறம் பார்த்தால், 2018-இல் பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் கான்டினென்டல் கோப்பையின் முதல் சுற்றையும் தாண்டியிருக்கிறார்கள்.