சிவப்பு மையில் எழுதிய காரணம்

எங்கள் பள்ளி ஆசிரியர் சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அது மலர்வளையப் படங்களால் நிரம்பிவிட்டது. நான் ஒன்றும் போடவில்லை. நினைவு மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்து, "எகிப்தியன் எழுதாமல் வேறு யார் எழுதுவது?" என்று சிரித்தார். அறுபது வயதாகிறது. அந்தப் பட்டப்பெயரும் என்னோடு லண்டன் வந்து சேர்ந்திருக்கிறது.

சூட்டியவர் சேர்தான். 1978, எட்டாம் வகுப்பு. பாடப்புத்தகத்தில் எகிப்துக்கு இருந்த இடம் அவருக்குப் போதவில்லை. கண்காட்சிக்காக ஒரு கல்லறை ஓவியத்தைப் பெரிதாக வரையச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வகுப்பில் வரையத் தெரிந்தவன் நான் என்பது என் எண்ணம். அந்த எகிப்தியனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக. தோள்கள் இரண்டும் நம்மைப் பார்க்க, கால்கள் வேறெங்கோ நடக்கின்றன. பாதங்கள் இரண்டிலும் பெருவிரல் நம் பக்கமே. இரக்கப்பட்டு எல்லாவற்றையும் திருத்தி வரைந்தேன். ஒரு தோளை மறைத்தேன், கண்ணைப் பாதியாக்கினேன்.

சேர் வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இந்த மனிதனின் தோளை ஏன் வெட்டினீர்?"

"அவர்களுக்குச் சரியாக வரையத் தெரியாது, சேர்."

"மூவாயிரம் வருடமாகத் தெரியாமலே இருந்தார்களோ? இங்கே வாரும்."

மேடையில் ஏற்றி நிறுத்தினார். முகம் யன்னல் பக்கம், மார்பு வகுப்பைப் பார்க்க, கால்கள் மறுபடி யன்னல் பக்கம், இடது கால் முன்னே. நூலில் வெண்கட்டியைத் தேய்த்து என் அருகே கரும்பலகையில் தெறித்துத் தெறித்துக் கட்டம் போட்டார். எகிப்தியர் சிவப்புச் சாயத்தில் நூலைத் தோய்த்து இப்படித்தான் சுவரில் கட்டம் போட்டார்களாம். நிற்கும் மனிதனுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்வரை 18 கட்டம். கண்ணுக்குத் தெரிவதை அவர்கள் வரையவில்லை, இருப்பதை வரைந்தார்கள் என்றார். "செத்தவன் மறுவுலகில் வாழப் போவது இந்தப் படத்தில். நீர் வெட்டிய தோளுக்கு அங்கே யாரிடம் போய்க் கேட்பான்?" அருமையான விளக்கம். எனக்கோ கழுத்து முறுகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அதிபர் விறாந்தையால் வந்து, எட்டிப் பார்த்து, "என்ன இது?" என்றார். "எகிப்து, சேர்" என்று பின்வாங்கிலிருந்து எவனோ சொன்னான். அதிபரும் சிரித்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் வரவு இடாப்புக் கூப்பிடும்போது காரணம் கேட்டார். காய்ச்சல் என்றேன். இறந்தவனின் இதயத்தைத் தராசில் வைத்து நீதித் தெய்வமான மாஅத்தின் இறகோடு நிறுப்பதை அந்த வாரம்தான் படிப்பித்திருந்தார். 42 நீதிபதிகள் முன் "நான் களவெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை" என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டுமாம். என்னை அவர் ஒன்றும் மறுக்கச் சொல்லவில்லை. சிவப்புப் பேனையை எடுத்து எழுதினார். இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். 'கழுத்து நோ' என்றிருந்தது.

1984இல் வந்து சேர்ந்த பின், வேலையில்லாத நாட்களில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போவேன். நுழைவு இலவசம், உள்ளே குளிராது. நெபமுனின் கல்லறைச் சுவர்கள் அங்கே இருக்கின்றன. கி.மு. 1350ஐ ஒட்டி வாழ்ந்தவர், ஆமூன் கோயில் களஞ்சியத்தில் தானியக் கணக்கு எழுதியவர். இன்றைய கணக்கில் ஒரு கிளாக்கர். ஆனாலும் சுவரில் மனைவியும் மகளும் சின்னஞ்சிறிதாக நிற்க, ஆள் ஆனைபோல் பெரிது, தோள் இரண்டும் முழுதாக. விருந்துக் காட்சியில் கீழ் வரிசையில் இருக்கும் இசைக்காரிகளில் இருவர் மட்டும் முகத்தை நேரே திருப்பி நம்மைப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபமே வந்தது. அந்த விறைப்பெல்லாம் எசமானுக்குத்தானாம். பாடுகிறவளும் ஆடுகிறவளும் எப்படியும் திரும்பலாம். சேர் இதைச் சொல்லவேயில்லை. ஒருவேளை சொல்லியிருப்பார், நான் வராத மூன்று நாளில்.

அந்தச் சுவர்களை 1820இல் தெபஸில் பெயர்த்தெடுத்தார்கள். கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்பது இன்று எவருக்கும் தெரியாது.

நான் அதிக நேரம் நிற்பது ஒரு சுண்ணாம்புக்கல் துண்டின் முன்னால். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு இடாப்பு அது. அரசர்களின் கல்லறைகளை வெட்டி, வண்ணம் தீட்டிய டெயர் எல்-மெடினா ஊர்த் தொழிலாளர் 40 பேரின் பெயர்கள். வராத நாட்கள் கறுப்பு மையில், காரணம் மேலே சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவனுக்குக் கண்ணோய். ஒருவன் பியர் காய்ச்சப் போய்விட்டான், அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் தாயின் உடலைத் துணியால் சுற்றப் போயிருக்கிறான்.

அம்மா 1991இல் போனார். செய்தி எனக்கு வந்து சேரப் பதினேழு நாள். அதன் பிறகும் போகக் கடவுச்சீட்டு இல்லை.

உயர்தரத்திலும் சேர்தான் எங்கள் வகுப்பாசிரியர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் புறப்பட்டது ஒரு செவ்வாய் இரவு. எவரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். புதன் காலை என் பெயரையும் கூப்பிட்டிருப்பார். பதில் வராததும் சிவப்பு மையில் என்ன எழுதினார் என்று கேட்க வேண்டுமென்றே 2011இல் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வந்தது. வெங்காய விலை பேசினோம், இடிந்த மேற்கு மண்டபம் பேசினோம். நான் கேட்கவில்லை.

படலைவரை கூடவே வந்தார். ஓட்டோ புறப்படும்போது குனிந்து, "கழுத்து இப்போது எப்படி, தம்பி?" என்றார்.