ஜார்ஜியாவில் ஒரு சுற்று: நாட்குறிப்பு

செப்டம்பர் 12, திபிலிசி
பழைய நகரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏற்றம்தான். அபனோதுபானி பக்கம் செங்கல் குவிமாடங்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கு அடியில் கந்தக வெந்நீர்க் குளியலறைகள். அழுகிய முட்டை வாடை. 5ஆம் நூற்றாண்டில் வக்தாங் கோர்கசாலி அரசர் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டு இங்கே நகரம் அமைத்தார் என்று கதை சொல்கிறார்கள்.

செப்டம்பர் 13, மத்ஸ்கேத்தா
திபிலிசிக்கு முந்தைய தலைநகர். இன்று சின்ன ஊர். ஜ்வாரி தேவாலயம் நிற்கும் குன்றில் ஏறினால்தான் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும். கீழே அரக்வி, ம்த்க்வாரி ஆறுகள் கலக்கின்றன. இரண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் சேராமலே ஓடுகிறது. ஊருக்குள் நினைவுப்பொருள் கடைகள் அதிகம். ஸ்வெதித்ஸ்கோவேலி பேராலயத்தை மட்டும் நிதானமாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 15, ஸ்டெபான்ட்ஸ்மிந்தா
வடக்கே ரஷ்ய எல்லைக்குப் போகும் பழைய இராணுவச் சாலை. வழியெங்கும் லாரி வரிசை. கெர்கெட்டி தேவாலயம் 2,170 மீட்டர் உயரத்தில். அதற்குப் பின்னால் 5,000 மீட்டர் தாண்டிய கஸ்பெக் சிகரம். மதியம் முழுக்க மேகம். மறுநாள் விடியலில்தான் சிகரம் தெரியும் என்றார் விடுதிக்காரர். சரி, இங்கே ஓர் இரவாவது தங்க வேண்டும். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சுற்றுலா வேன்களில் வருகிறவர்கள் பாவம்.

செப்டம்பர் 18, வார்ட்சியா
தெற்கே நிலமே வேறு: மரம் குறைந்து, பழுப்பு மலைகள். ஒரு மலைச்சரிவு முழுக்கக் குகைகள்: பழைய துறவு மடம். 12ஆம் நூற்றாண்டில் குடைந்தபோது இவை வெளியே தெரியாமல் மலைக்குள் மறைந்திருந்தன. 1283ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மலையின் முன்பக்கம் சரிந்து விழ, சுவர் இடிந்த வீட்டின் அறைகள்போல எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. உள்ளே கல் திண்ணைகள், தரையில் திராட்சை மதுச் சாடிகள் புதைத்த குழிகள். சுரங்கப் படிகளில் குனிந்தேதான் இறங்க வேண்டும். உயரமானவர்களுக்குத் தலை பத்திரம்.

குகைக் கோயிலின் சுவரில் அரசி தாமாரும் அவள் தந்தை மூன்றாம் கியோர்கியும். அவள் அரியணையேறிய 1184ஐ ஒட்டி வரைந்தது. புகைப்படிந்தும் முகம் தெளிவு. துறவிகள் இன்றும் சில அறைகளில் வசிக்கிறார்கள். அந்தப் பக்கம் போக அனுமதியில்லை. கீழே ஓடுவது மத்ஸ்கேத்தாவில் பார்த்த அதே ம்த்க்வாரி. துருக்கியில் பிறந்து இந்த வழியாகத்தான் திபிலிசிக்குப் போகிறது. பயணத்தில் ஒரே ஓர் இடம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

செப்டம்பர் 20, சிக்நாகி
கிழக்கே காகேதி. திராட்சை அறுவடை நேரம். ஒரு வீட்டில் க்வெவ்ரி காட்டினார்கள்: கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய மண்சாடி. பழத்தோலோடு சாற்றை ஊற்றி மூடி, மாதக்கணக்கில் விடுகிறார்கள். அதனால்தான் வெள்ளைத் திராட்சை மதுவும் தேன் நிறத்தில் இருக்கிறது. எனக்குத் துவர்ப்பு அதிகம். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வடமேற்கு மலைப்பகுதியான ஸ்வானேதியை இந்த முறை விட்டுவிட்டேன். அங்குள்ள மெஸ்தியா ஊருக்குப் போக மட்டும் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்தக் கோபுர வீடுகளை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவருவதில் அர்த்தமில்லை.