காலை ஆறரைக்கு வானொலி, மாலை ஆறரைக்கு சசாயே-சான்

ஜப்பானுக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் அகிஹபாராவைத்தான் சொன்னார்கள். மாடி மாடியாகப் பொம்மைக் கடைகள், விளையாட்டு இயந்திரங்கள், கார்ட்டூன் பாத்திரங்களைப் போல வேடமிட்டு அழைக்கும் பெண்கள் என எல்லாவற்றையும் பார்த்தேன். கண்ணைப் பறிக்கிற இடம்தான். ஆனால் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து ரசிப்பது எதை என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. டோக்கியோவின் தென்மேற்கே, செதகாயா வட்டாரத்தின் குடியிருப்புத் தெரு ஒன்றில் அறை எடுத்திருந்தேன். அந்த ஆசை அங்கேயே நிறைவேறியது.

ஜூலை மாதக் கடைசி. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கே சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. அறைக்கு அருகில் இருந்த சின்னப் பூங்காவில் முதியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்க, தூக்கம் கலையாத கண்களோடு பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவர் கையடக்க வானொலியைப் பெஞ்சின் மேல் வைத்தார். சரியாக ஆறரைக்கு பியானோ ஒலித்தது. உடனே அத்தனை கைகளும் ஒன்றாக மேலே உயர்ந்தன.

இதற்கு ரேடியோ தைசோ என்று பெயர். ஜப்பானிய அரசின் அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறை, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வானொலி உடற்பயிற்சியைப் பார்த்து 1928ல் தொடங்கியது. மக்கள் நெடுநாள் நலமாக இருந்தால்தானே காப்பீட்டுத் துறைக்கும் நல்லது! போருக்குப் பிறகு சில ஆண்டுகள் நின்றுபோய், 1951ல் இப்போதைய வடிவத்தில் மீண்டும் வந்தது. முதல் பயிற்சியில் 13 அசைவுகள், மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே இன்றும் தினமும் காலை ஆறரைக்கு அதை ஒலிபரப்புகிறது. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று அட்டையை நீட்ட, ஒரு தாத்தா ஒவ்வொரு அட்டையிலும் அன்றைய தேதிக் கட்டத்தில் முத்திரை குத்தினார். அந்த முத்திரையை வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என்னையும் கையசைத்து அழைத்தார்கள். அதன் பிறகு அங்கே இருந்தவரை காலையில் நானும் போய் நின்றேன்.

ஷிபுயாவிலிருந்து தென்-என்-தொஷி ரயிலில் நான்காவது நிலையம் சகுராஷின்மாச்சி. விரைவு ரயில்கள் நிற்காத, அமைதியான ஊர். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு குடும்பமே வெண்கலச் சிலைகளாக நின்று வரவேற்கிறது. ஜப்பானில் பிறந்த எவரிடமும் இவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சசாயே-சான், அவள் கணவன், மகன், பெற்றோர், தம்பி, தங்கை. கூடவே ஒரு பூனை.

இவர்களைப் படைத்தவர் ஹசெகாவா மச்சிகோ. ஜப்பானியச் சித்திரக்கதை உலகில் பெரும் புகழ் பெற்ற முதல் பெண்மணி என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். 1946ல், போரில் தோற்று நாடே பசியில் கிடந்தபோது, ஃபுகுவோகாவின் உள்ளூர் மாலை நாளிதழ் ஒன்றில் நான்கு கட்டச் சித்திரக்கதையாகத் தொடங்கினார். பிறகு அது ஆசாஹி நாளிதழுக்குப் போய் 1974 வரை வந்தது. கதாநாயகி அவசரக்காரி, மனதில் பட்டதைப் பேசுபவள். கல்யாணமான பிறகும் கணவனோடு தன் பெற்றோர் வீட்டிலேயே வாழ்கிறாள். மச்சிகோ தன் அக்காவோடு சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகம் நடத்தியவர். ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் அந்தச் சகோதரிகள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே அச்சிட்டு விற்றார்கள். அவர்கள் சேர்த்த ஓவியங்களைக் கொண்டு 1985ல் அமைத்த கலைக்கூடம் இதே ஊரில்தான் இருக்கிறது. நிலையத்திலிருந்து அங்கே போகும் கடைத்தெருவுக்கே சசாயே-சான் தெரு என்று பெயர்.

அந்தத் தெருவில் காய்கறிக் கடை, மருந்துக் கடை, சலவைக் கடை எல்லாம் வழக்கம்போல நடக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜோடித்த தெரு அல்ல அது. சசாயேயின் அப்பா நமிஹேய்க்கு உச்சந்தலையில் ஒரே ஒரு முடிதான் உண்டு. 2012ல் சிலைகளை வைத்த கொஞ்ச நாளில் யாரோ அந்த முடியைப் பிடுங்கிவிட்டார்கள். புதிதாக வைத்தார்கள். அதையும் பிடுங்கினார்கள். செய்தித்தாள்களில் எல்லாம் வந்த விவகாரம் அது. நான் போனபோது முடி பத்திரமாக இருந்தது. கையில் காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "இருக்கிறது, இருக்கிறது" என்று ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜே.ஆர். யமனோதே வட்டப் பாதையில் தகதனோபபா என்ற நிலையம் உண்டு. ரயில் புறப்படும் முன் நடைமேடையில் ஆஸ்ட்ரோ பாய் தொடரின் பாட்டிசை ஒலித்தது. சித்திரக்கதை ஓவியர் டெசுகா ஒசாமு 1952ல் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகன் ஓர் இயந்திரச் சிறுவன், கதைப்படி அவன் பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அவன் பிறந்த இடம் இந்தத் தகதனோபபாதான். கற்பனைப் பிள்ளையின் பிறந்த நாளை நிஜ ஊர் கொண்டாடியது. ரயில் பாலத்துக்கு அடியில் டெசுகாவின் பாத்திரங்கள் சுவர் முழுக்க நிற்கின்றன. அலுவலகம் போகிறவர்கள் தலை நிமிராமல் அதைக் கடந்து போகிறார்கள். தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தானே கடந்து போவோம்!

இனி செந்தோ. தெருவோரப் பொதுக் குளியலறைக்கு அங்கே அதுதான் பெயர். நான் போனபோது பெரியவர்களுக்கு 550 யென். இந்தக் கட்டணத்துக்கு டோக்கியோ மாநகர நிர்வாகமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. வாசலில் செருப்பை மரப் பெட்டியில் வைத்துப் பூட்டினால், சாவியாக ஒரு மரச் சில்லு கையில் வருகிறது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிப் பகுதி. ஆடை எதுவும் இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. குட்டி முக்காலி ஒன்றையும் மஞ்சள் பிளாஸ்டிக் வாளி ஒன்றையும் கழுவி என் முன்னால் வைத்தார். வாளியின் அடியில் சிவப்பு எழுத்தில் 'கெரோரின்' என்று இருந்தது. அது ஒரு தலைவலி மருந்து. 1963ல் விளம்பரத்துக்காகக் குளியலறைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய வாளி, இன்று நாடு முழுவதும் செந்தோவின் அடையாளமாகிவிட்டது. உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். பாட்டி குளித்து முடித்ததும் தான் உட்கார்ந்த முக்காலியையும் வாளியையும் மறுபடி அலசினார். அடுத்து வருபவருக்காகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

டோக்கியோக்காரர்களுக்குத் தொட்டி நீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். கழுத்தளவு அமிழ்ந்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவர் முழுவதும் ஃபூஜி மலை. 1912ல் டோக்கியோவின் கண்டா பகுதியில் ஒரு செந்தோவின் உரிமையாளர், குழந்தைகள் விரும்பிக் குளிக்க வரட்டும் என்று முதன்முதலாக இப்படி வரையச் சொன்னாராம். இப்போது இந்தச் சுவரோவியக் கலைஞர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செந்தோவின் விடுமுறை நாளில் வந்து, சாரம் கட்டி, ஒரே நாளில் மலையையும் கடலையும் புதுப்பித்துவிட்டுப் போகிறார்கள். மறையும் சூரியனை மட்டும் வரைய மாட்டார்கள், வியாபாரம் இறங்கிவிடும் என்று. பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. "நான் கிளம்புகிறேன்" என்று பாட்டி சுவருக்கு மேலே குரல் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமலும் பதிலும் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குளித்துவிட்டு முன்கூடத்தில் குளிர்ந்த காபிப் பாலோடு உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் சசாயே-சான். 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை ஆறரைக்கு வருகிற தொடர். உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் சித்திரத் தொடர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. சசாயேயின் வீட்டில் இன்னும் சுழற்றும் கறுப்புத் தொலைபேசிதான். தொடர் முடிந்ததும் திங்கட்கிழமை வேலை நினைவு வந்து மனம் கனக்குமாம், அந்தக் கவலைக்கே சசாயே-சான் பெயரை வைத்திருக்கிறார்கள். கடைசியில் சசாயே பார்ப்பவர்களோடு கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடுகிறாள். ஈரத் தலையோடு ஒரு சிறுமி திரைக்கு முன் கையை ஓங்கி நின்றாள். முன்பு பார்த்த பாட்டியும் கையை ஓங்கினார். சிறுமி காகிதம், பாட்டி கல், சசாயே காட்டியது கத்தரிக்கோல். பாட்டிக்கு வெற்றி! சசாயேக்கு முதல் நாளிலிருந்து குரல் கொடுப்பவர் கதோ மிதோரி. பள்ளிக்கூடத்தில் படித்தபோது கேட்ட அதே குரல் இது என்று பாட்டி எனக்குச் சொன்னார்.

1968ல் டோக்கியோவில் 2,600க்கும் மேற்பட்ட செந்தோக்கள் இருந்தன. இன்று ஐந்நூறுகூட இல்லை. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது, எரிபொருள் விலை ஏறிவிட்டது, நடத்துவதற்குப் பிள்ளைகள் முன்வருவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. டோக்கியோ போகிறவர்கள் தங்கும் விடுதியில் குளியலறை இருந்தாலும் ஒரு நாள் செந்தோவுக்குப் போங்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திறக்கிறார்கள், விடுமுறை நாள் கடைக்குக் கடை மாறும். துண்டும் சோப்பும் கொண்டு போங்கள், சில்லறையாக யென் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறரைக்கு முன்பே குளித்து முடித்துவிடுங்கள்.