காலை 9 முதல் மாலை 4 வரை

ஜூன் 2, திங்கள்

கூரியர்க்காரர் இன்றும் வாசலில் நின்று, "எனர்ஜி டிரிங்க் ஆபீஸ் இதுதானே?" என்று கேட்டார். பலகையில் 'ஆற்றல் - சமூக ஆய்வு நிறுவனம்' என்றுதான் எழுதியிருக்கிறது. கிராமத்துக்குப் போனாலும் இதே கதை. ஈ.பி.காரர்கள் என்று நினைத்து ஒரு வீட்டில் மோர் கொடுத்து உட்காரவைப்பார்கள், அடுத்த வீட்டில் மின்கம்பியில் திருட்டுத்தனமாக மாட்டிய கொக்கியை அவிழ்க்க ஓடுவார்கள். மாதக் கடைசியோடு இதன் தலைமைப் பொறுப்பில் என் பதவிக்காலம் முடிகிறது. நீட்டிப்பு ஆணை இன்னும் வரவில்லை.

ஜூன் 4, புதன்

அம்மாவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காலையில் 91. இரவு 89.

ஜூன் 5, வியாழன்

சுற்றுச்சூழல் நாள். வளாகத்தில் வேப்பங்கன்று நட்டார்கள். குழிக்கு நேர் மேலே 11 கே.வி. உயரழுத்த மின்கம்பி போகிறது. சொல்ல வாயெடுத்தேன், புகைப்படக்காரர் "மேடம், கொஞ்சம் சிரியுங்கள்" என்றார். சிரித்தேன். நாலைந்து வருடத்தில் லைன்மேன் வந்து கிளையைக் கழிப்பார், அன்றைக்கு ஒரு பகல் எங்கள் தெருவில் மின்சாரம் இருக்காது.

ஜூன் 9, திங்கள்

நிறுவனத்தை மின்பொறியியல் துறையோடு சேர்த்துவிடலாமா என்று ஒன்றரை மணிநேரம் பேசினார்கள். சமூகவியல்காரி தலைமையில் இருப்பதே சிலருக்கு மூன்று வருடமாக முள். "காப்புரிமைக்குப் போகக்கூடியதாக உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து ஆரம்பித்தேன். 1932இல் மலையிலிருந்து மின்சாரம் இறங்கியது, கோவை மில்கள் பெருகின, பிறகு கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. தோல் சாலைக் கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த மாடுகள் சந்தைக்குப் போயின. தண்ணீர் கீழே போகப்போக, ஆழத் தோண்டக் கையில் பணம் இருந்தவன் தோண்டினான், இல்லாதவன் நிலத்தை விற்றான். இதெல்லாம் எந்த மீட்டரில் பதிவாகும்? இலவச விவசாய இணைப்புகள் பெரும்பாலானவற்றில் மீட்டரே கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், அரசு கட்டுகிறது. பம்புக்கு எவ்வளவு போகிறது என்று மாநிலத்தில் யார் சொன்னாலும் அது மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம் என்றேன். பதிவாளர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பேச்சை முடி என்பதற்கு அவருடைய மரியாதையான சைகை அது.

இரவு பழைய உறையின் பின்புறம் கணக்கு: இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி), 12 வோல்ட், ஆக 1800 வாட் மணி. அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம் 350 வாட். நஷ்டம் போக நான்கு மணிநேரம். பேட்டரிக்கு ஐந்து வயது. இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்

நாளிதழில் மின்தடை அட்டவணை. எங்கள் பகுதி 19ஆம் தேதி, காலை 9 முதல் மாலை 4 வரை. ஆலோசனைக் குழுவும் 19ஆம் தேதிதான், காலை 10.30. தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எதை, மின்தடையையா, கூட்டத்தையா என்றார் பதிவாளர். நகைச்சுவையாம்.

ஜூன் 12, வியாழன்

புது மருத்துவர், சின்ன வயது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

பருத்திமார், அடுப்பெரிக்கும் காய்ந்த பருத்திச்செடி. அதைத்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தையில் பிடுங்கிக் கட்டுக்கட்டாக அடுக்கிவைப்போம். குப்பென்று பிடிக்கும், குப்பென்று அணையும். அதனால் அடுப்பை விட்டு நகர முடியாது, ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மார் நமுத்துப்போனால் புகையில் கண்ணில் நீர் கொட்டும். அப்போது அம்மா எங்களை வெளியே போகச் சொல்வாள். அவள் போகமாட்டாள்.

2007இல் கேஸ் அடுப்பு வந்தது. டீக்கும் குழம்புக்கும் கேஸ், வெந்நீருக்கும் மாட்டுக்குக் காய்ச்சுவதற்கும் விறகு. கேஸ் வந்தும் விறகடுப்பு ஏன் போகவில்லை என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். எத்தனையோ வீடுகளில் வாசற்படியில் உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அடுப்படியில் இருப்பீர்கள்?" என்று கேட்டு எழுதியவள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அம்மா போட்டுவைத்த வெந்நீரில்தான் குளித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 14, சனி

ஆய்வு மாணவியின் மூன்றாம் அத்தியாயம். பகலில் 6 மணிநேரம், இரவில் 3 மணிநேரம் என்று மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், ராத்திரியில் எழுந்து போய் மோட்டார் போட்டது யார் என்பதுதான் கேள்வி. பட்டா ஆண் பெயரில் இருக்கிறது, சர்வீஸ் எண்ணும் ஆண் பெயரில். டார்ச் பிடித்து வரப்பில் போய் மடை திருப்பியவர்களில் பெண்கள் அதிகம் என்கிறாள். ஒருத்தி காலில் மாமனாரின் பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு போவாளாம், பாம்புக்குப் பயந்து. அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். சக பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் "மாதிரி அளவு போதாது" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. இருந்தாலும் அழித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மின்தடைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் சொல்லியாகிவிட்டது. பி டைப், 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணிநேரம். மின்தடை ஏழு மணிநேரம், அதற்கு 840 லிட்டர் போதும். போதும். போதும் என்று தெரிந்தும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா: 88. நீட்டிப்பு: இல்லை.

ஜூன் 18, புதன்

சிலிண்டர் வந்தது. ஸ்பேனர் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

பக்கத்துத் தெரு பைக் மெக்கானிக் ஸ்பேனர் கொடுத்தார். 9.20க்கு மின்சாரம் நின்றது. இயந்திரம் நீளமாக ஒரு கூவல் கூவி அடங்கியது. மூன்று மாதமாக இரவும் பகலும் கேட்ட இரைச்சல் திடீரென்று இல்லாமல் போக, சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்டது. குழாயை மாற்றி மாட்டினேன். கை நடுங்கியது. தண்ணீர்க் குப்பியில் குமிழ் வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

கூட்டத்துக்குப் போகவில்லை. தொலைபேசியில் பேசினேன். பாதியில் சார்ஜ் தீர்ந்தது. தெரு முனைக்கு ஓடி லைன்மேனைப் பார்த்தேன். "எல்.சி. வாங்கியிருக்கிறோம் மேடம், மேலே ஆள் இருக்கிறார், நாலு மணிக்கு முன்னால் கேட்காதீர்கள்" என்றார். எல்.சி. என்றால் லைன் கிளியர், கம்பியில் வேலை செய்ய மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி. மேலே பார்த்தேன். இடுப்புக் கயிற்றில் சாய்ந்து ஒரு பையன், இருபத்தைந்து இருக்கும், வேப்பங்கிளையை வெட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாணவி திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர் போயிருக்கிறாள். 1970இல் இதே நாள், மின்கட்டணத்தில் ஒரு பைசாவுக்காக அங்கே போராடி நின்ற மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "உங்கள் தாத்தா அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு வந்தார், அம்மணி" என்றாள். எந்தக் காலில் என்று ஏன் கேட்டேனோ தெரியவில்லை. "இடது" என்றாள். அதற்கே மூச்சு வாங்கியது.

3.40க்கு மின்சாரம் வந்தது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று இரவு வரை யாரும் அழைக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

தங்கை வந்திருக்கிறாள். அம்மாவை ஒரு வாரம் திருப்பூருக்கு அழைத்துப்போகிறேன் என்கிறாள். அங்கே அபார்ட்மெண்டில் ஜெனரேட்டர் உண்டு. லிப்ட்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும் மட்டும் என்று அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது.

ஜூன் 25, புதன்

92! இட்லி ஒன்றரை.

ஜூன் 27, வெள்ளி

நிறுவனத்தைத் துறையோடு இணைப்பது பற்றி ஆட்சிக்குழுவில் வைப்பார்களாம். என் மேசை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தேன். நாற்பது டார்ச் பேட்டரி கிடைத்தது, களப்பணிக்கு வாங்கியவை, பாதி கசிந்திருக்கின்றன. ஆய்வுநிதிப் பயன்பாட்டுச் சான்றிதழில் இவற்றை எந்தத் தலைப்பில் காட்டினேன் என்று நினைவில்லை.

ஜூன் 28, சனி

புது இன்வெர்ட்டர் பேட்டரி வந்தது. எலக்ட்ரீஷியன் நாளைக் காலை பத்து மணிக்கு வருவார். பழையதைக் கழற்றி மாட்டும்வரை, அரைமணிநேரம்தான், சிலிண்டரில்