புறாக்கூண்டுக்குத் தார்ப்பாய் தேவையா?

ஐரோப்பியப் புறாப் பந்தயக்காரர்களைப் பார்த்து, நம் ஆரம்பாக்கம் பக்கத்திலும் சிலர் இளம் ஹோமர் புறாக்களின் (எங்கே விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள்) கூண்டுக்கு மாலையிலேயே தார்ப்பாய் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும் என்பதால், வெளிச்சத்தைச் சுமார் 9 மணி நேரமாகக் குறைத்து, இறகு உதிர்வதைப் பந்தயக் காலம் தாண்டும்வரை தள்ளிப்போடுகிறார்கள். நமக்கோ ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே அதனால் கிடைக்கும் பலன் குறைவு என்றே கருதுகிறேன். காற்றோட்டம் கெட்டு, புழுக்கத்தில் புறா வாயைப் பிளந்து மூச்சிரைப்பதுதான் மிச்சம்.

அதைவிட, வாரம் ஒருமுறை இறக்கையை விரித்துப் பாருங்கள். இறக்கை நுனிப் பக்கமுள்ள 10 முதன்மை (பெரிய பறப்பு) இறகுகளில் உள்பக்கத்தில் இருப்பது முதலில் விழும். வேகத்துக்கு ஆதாரமான வெளிப்புற மூன்றும் கடைசியாகத்தான் விழும். அவற்றில் ஒன்று விழுந்து, புதியது இன்னும் இரத்தம் ஓடும் கருநீலக் குருத்தாக நிற்கும் புறாவை, எவ்வளவு நல்ல வம்சமானாலும் பந்தயத்துக்காக நெல்லூருக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடாதீர்கள்.