வேனுக்குப் பணம் உண்டு, ஊசிக்கு இல்லை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில் ஒரு சிறிய கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). அதன் சுகாதாரத் துறையில் மானியக் கணக்குகளைப் பார்ப்பவள் நான். அதில் பாதி வேலை ஊசித் திட்டத்தைச் சேர்ந்தது. போதைப்பொருளை ஊசி வழியாக ஏற்றிக்கொள்பவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுப்போம், பயன்படுத்தியதைத் திரும்ப வாங்குவோம், எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் பரிசோதிப்போம், போதைப்பொருள் அளவு மீறினால் உயிர் காக்கும் நாலாக்சோன் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புவோம். கேட்பவர்களைச் சிகிச்சையில் சேர்த்தும் விடுவோம்.

இந்தத் திட்டத்துக்கு நான் இரண்டு தனிக் கணக்குகள் வைக்க வேண்டியிருக்கிறது. ஊசி வழங்கலுக்கு மத்திய அரசுப் பணம் போகக் கூடாது என்று 1988-இல் நாடாளுமன்றம் தடை போட்டது. 2009-இல் தடை நீங்கியது, 2011 இறுதியில் திரும்ப வந்தது, 2015 டிசம்பரில் பாதி மட்டும் தளர்ந்தது. இன்றுவரை அந்தப் பாதியில்தான் நிற்கிறோம். செவிலியர் சம்பளம், வேன், பெட்ரோல், பரிசோதனைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் மத்திய அரசுப் பணத்தைச் செலவிடலாம். ஊசி மட்டும் வாங்கக் கூடாது. இருக்கிற செலவுகளிலேயே மிகச் சிறியது அதுதான். ஒரு ஊசி ஒரு டாலர்கூட ஆகாது. அதற்காகவே தனியாக ஒரு நன்கொடையாளரையோ உள்ளூர் நிதியையோ தேடி அலைகிறோம்.

பாதித் தளர்வுகூடச் சும்மா வந்ததல்ல. பக்கத்து மாநிலமான இன்டியானாவின் ஸ்காட் கவுண்டியில் ஏறக்குறைய 24,000 பேர்தான். ஆண்டுக்கு ஐந்து எச்.ஐ.வி. தொற்றுகள்கூடப் பதிவாகாத இடம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றி, அதே ஊசியை வீட்டிலுள்ளவர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில், 2015 நவம்பருக்குள் 181 பேருக்கு எச்.ஐ.வி. உறுதியானது. அடுத்த ஆண்டு மத்திய அரசின் நோய்த்தடுப்பு மையம் இதே ஆபத்துள்ள 220 கவுண்டிகளைப் பட்டியலிட்டபோது 54 எங்கள் மாநிலத்தில் இருந்தன. தடை தளர்ந்தபோது நாடாளுமன்றக் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராக இருந்த ஹால் ரோஜர்ஸும் எங்கள் மலைப்பகுதியிலிருந்து தேர்வான உறுப்பினர்தான்.

பணம் தருபவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை. நகரத்துக்கு அது நியாயமான கேள்வி. இங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நான்கைந்து வீடுகள், பேருந்து கிடையாது, பலரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. கார் உள்ள ஒருவர் தம்பிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார். அவர்களுடைய பழைய ஊசிகளைச் சோப்புநீர் டப்பாவில் அடைத்து அவரே கொண்டுவருவார். படிவத்தில் அவர் ஒருவர்தான். “ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு ஊசி?” என்று மதிப்பீட்டாளர் கேட்கும்போதெல்லாம், அந்த ஒருவருக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவே இருக்கிறது என்று எழுதி அனுப்புகிறேன். வேன் ஒரு மணி நேரம் ஓடி மூன்று பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாளில் தலைக்கு ஆகும் செலவு பயங்கரமாகத் தெரியும். அந்த மூன்று பேரைப் பார்க்க வேறு யாரும் போவதில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

தொகை குறைவாக இருப்பதைவிட, அது ஓராண்டுக்கு மட்டும் வருவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஒருமுறை மானியம் ஒன்று முடிந்து அடுத்தது வரச் சில மாதங்கள் இடைவெளி விழுந்தது. வேன் நின்றது, செவிலியர் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார். பணம் வந்து வேன் மறுபடி புறப்பட்டபோது வழக்கமான இடத்தில் ஆளே இல்லை. நாங்கள் தங்கள் பெயரைக் காவல்துறைக்குக் கொடுத்துவிட்டதாகச் சிலர் நம்பியிருந்தார்கள். குறித்த கிழமையில் குறித்த மரத்தடியில் வேன் நிற்கும் என்ற நிச்சயம்தான் இந்தச் சேவையின் உயிர். அது போனால் பெட்டி நிறைய ஊசி இருந்தும் பயனில்லை.

உள்ளூர் அனுமதியும் இப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. கென்டக்கியின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார வாரியம், கவுண்டி நிர்வாகம், நகர மன்றம் மூன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்காட் கவுண்டி நிர்வாகிகளே 2021-இல் தங்கள் ஊசித் திட்டத்தை மூட வாக்களித்தார்கள். அத்தனை பேரைத் தொற்று பீடித்த ஊரிலேயே அப்படி நடக்கும் என்றால் எங்களுக்கு என்ன உத்தரவாதம் என்று அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு எச்.ஐ.வி. நோயாளியின் வாழ்நாள் சிகிச்சைக்குப் பல லட்சம் டாலர் ஆகும் என்ற கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வைக்கிறேன். எதிர்ப்பவர்களில் பலர் பிள்ளையைப் போதையில் இழந்தவர்கள். அவர்கள் எதிரில் அந்த எண்ணைச் சொல்வது எளிதல்ல, சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு வழி தெரிகிறது. ஓபியாய்டு எனப்படும் போதை தரும் வலி மருந்துகளை விற்ற நிறுவனங்கள் மீதான வழக்குகளின் இழப்பீட்டுப் பணத்தில் கென்டக்கிக்கு வருவதில் பாதி மாநில ஆணையத்துக்கும் பாதி கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது. மருந்து விநியோக நிறுவனங்கள் தங்கள் பங்கைப் பல ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டுகின்றன. மத்திய அரசின் தடை இந்தப் பணத்தைத் தொடாது. இதில் ஊசி வாங்கலாம். இதே பணத்தில் ரோந்து வாகனமும் கேட்கிறார்கள், சிறைக்கு ஸ்கேனரும் கேட்கிறார்கள். நான் கேட்டு எழுதியிருப்பது சின்னத் தொகை: ஊசிக்கும் ஒரு செவிலியருக்கும், இழப்பீடு வரும் ஆண்டுகள் முழுவதும், ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாத ஒதுக்கீடு. அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.